பொறுத்தல் மருத்துவமாகாது

முன்னாள் படைவீரர்களின் நாள்பட்ட வலியைப் பற்றித் தமிழகத்தில் பொதுக்கருத்து ஒன்று நிலவுகிறது. அதை எவரும் நூலாக எழுதி வைக்கவில்லை. ஆயினும் வீட்டார் முதல் மருந்துக்கடைக்காரர், ஓய்வூதிய அலுவலர், சில வேளைகளில் மருத்துவர் வரை பலரும் அதன்படியே நடந்துகொள்கின்றனர். பட்டாளத்துக்காரர் வலிக்குப் பழகியவர். காயம் ஆறிய பின்னும் வலிக்கிறது என்று அவர் சொன்னால் அது மனத்தின் கற்பனை, இல்லையேல் ஊனமுற்றோர் ஓய்வூதியத்தின் மேல் வைத்த கண். மெய்யாகவே வலித்தாலும் ஓர் ஊசியும் நாலு மாத்திரையும் போதும். அதற்கென்று ஒரு தனி மருத்துவர், அதுவும் தேனி போன்ற மாவட்டத்தில், வேண்டியதில்லை என்பதே அக்கருத்தின் சாரம். இது ஒரே கருத்துப்போலத் தோன்றினாலும் உள்ளே நான்கு எடுகோள்களைக் கொண்டது: வீரன் தாங்கவல்லவன், ஆறிய காயம் வலிக்காது, முறையீடு பணத்துக்காக, வலிக்கு மருந்து ஊசியே. நான்கையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் ஒன்றுகூட நிலைக்காது.

எடுகோள்களைச் சோதிக்குமுன் களத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. மதுரையிலிருந்து 1996-இல் பிரிக்கப்பட்ட தேனி மாவட்டத்தில், லோயர்கேம்ப், கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று முல்லைப் பெரியாற்று நீரைப் பற்றிக்கொண்டு நீளும் கம்பம் பள்ளத்தாக்கு உழவை நம்பிய நிலம். அந்த நீரைக் கிழக்கே திருப்பி 1895-இல் அணை கட்டி முடித்த பென்னி குயிக்கும் இராணுவப் பொறியாளரே. இங்கிருந்து படைக்குச் செல்லும் சிப்பாய் பெரும்பாலும் நாற்பதை ஒட்டிய வயதிலேயே சீருடையைக் கழற்றிவிடுகிறார். அதன்பின் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் அவர் இன்னொரு வேலை பார்த்தாக வேண்டும். அந்த வேலை எப்படிப்பட்டது என்பது வலி மருத்துவத்துக்கு முதன்மையான செய்தியாகும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையின் கொடி தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் படர்கிறது. கவாத்து வெட்டுவதும், குலையை ஒழுங்கு செய்வதும், அறுப்பதும் அண்ணாந்த கழுத்தோடும் தூக்கிய கைகளோடும் மணிக்கணக்கில் நடக்கும் வேலைகள். முதுகுச் சுமையோடும் தலைக்கவசத்தோடும் மலையேறிக் கழுத்துத் தண்டுவடத்தின் தட்டுகள் தேய்ந்த ஒருவர் அந்தப் பந்தலுக்கடியில் நிற்கும்போது, பணியில் வாங்கிய கேடும் ஊரில் செய்யும் உழைப்பும் ஒரே தோளில் வந்து சேர்கின்றன. பந்தல் வேலை வேண்டாமென்று ஒதுங்குபவருக்கு வாழைத்தார் சுமப்பதும், ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் மலையேறுவதும், ஏதேனும் ஒரு வாயிலில் பன்னிரண்டு மணி நேரம் காவலாளியாக நிற்பதும் எஞ்சுகின்றன. இவற்றில் எதுவும் இடுப்புக்கு இரங்குவதில்லை.

முதல் எடுகோள், வீரன் வலியைத் தாங்கவல்லவன் என்பது. இதற்குத் தமிழ் மரபையே சான்றாகக் காட்டுவோர் உண்டு. முகத்திலும் மார்பிலும் படும் புண்ணை விழுப்புண் என்று போற்றிய மரபு, அத்தகைய புண் படாத நாள்களை வீணான நாள்களாக வீரன் எண்ணுவான் என்று படைச்செருக்கைப் பாடிய குறளை உடைய மரபு, வலியைப் பற்றிப் பேசுவதைத் தாழ்வாகத்தானே கருதும் என்பது அவர்கள் வாதம். இது மரபின் பாதியை மட்டும் படித்ததனால் வந்த முடிவாகும். புண்பட்டு வீட்டுக்கு வந்தவனைச் சுற்றி வேப்பிலை செருகி, வெண்சிறுகடுகு தூவி, நறும்புகை எழுப்பி, காஞ்சிப் பண் பாடிக் காத்த வழக்கத்தைப் புறநானூறு காட்டுகிறது. நக்கீரரின் நெடுநல்வாடையில், வாடைக்காற்றில் பாசறை விளக்குகளின் சுடர் தெற்கே சாய்ந்துகொண்டிருக்கும் நள்ளிரவில், நழுவும் மேலாடையை ஒரு கையால் தழுவிக்கொண்டு, மறு கையை ஓர் இளவீரனின் தோளில் வைத்தபடி, புண்பட்ட வீரர்களை ஒவ்வொருவராகப் பார்த்து முகமலர்ச்சியோடு தேற்றிச் செல்கிறான் அரசன். விழுப்புண் பெருமைக்குரியது என்று கொண்ட அதே மரபு, அந்தப் புண்ணை உடையவனிடம் தூக்கத்தைத் துறந்து சென்று நிற்பதை அரசனின் கடமையாகவும் கொண்டிருந்தது. பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டு கடமையை விட்டுவிடுவது மரபைப் பின்பற்றுவது ஆகாது.

இதே எடுகோளுக்கு அறிவியல் சான்றாகச் சிலர் காட்டுவது ஹென்றி பீச்சர் என்னும் அமெரிக்க மயக்கவியல் மருத்துவரின் போர்க்களக் குறிப்புகளை. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியப் போர்முனையில் கடுமையாகக் காயமுற்ற 215 வீரர்களை அவர் விசாரித்தபோது, ஏறத்தாழ நான்கில் மூவர் வலிமருந்து வேண்டாம் என்றனர். 1946-இல் வெளியான அந்தக் கட்டுரை வீரனின் தாங்குதிறனுக்குச் சான்று என்று எடுத்தாளப்படுகிறது. பீச்சர் சொன்னதோ வேறு. அதே வீரர்கள், ஊசி போடத் தெரியாதவர் இரத்தக் குழாயைத் தேடிக் குத்தியபோது மற்ற எவரையும் போலவே உரக்க முறையிட்டனர் என்பதையும் அவர் பதிவு செய்தார். அவர்கள் உணர்விழந்தவர்கள் அல்லர், அவர்களுக்கு அந்தக் காயம் சாவுக்களத்திலிருந்து உயிரோடு வீடு திரும்பும் வழியாக இருந்தது என்பதே அவர் கண்ட விளக்கம். 1965-இல் ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் முன்வைத்த வாயில் கோட்பாடு, அதாவது உடலிலிருந்து வரும் வலிச்செய்தி தண்டுவடத்தில் ஒரு வாயிலைக் கடக்கிறது, அந்த வாயிலை மூளையிலிருந்து இறங்கும் செய்திகள் அகலவும் குறுகவும் செய்கின்றன என்னும் கருத்து, இத்தகைய நிகழ்வுக்கு உடலியல் அடிப்படை தந்தது. காயத்தின் பொருள் நம்பிக்கையாக இருந்த இடத்தில் வலி குறைந்தது என்றால், அதே காயத்தின் பொருள் வேலையிழப்பாகவும், கடனாகவும், தூக்கமற்ற இரவாகவும் மாறிய இடத்தில் வலி கூடத்தான் வேண்டும். ஆகவே பீச்சரின் ஆய்வு பொதுக்கருத்துக்கு அரண் செய்யவில்லை. களத்தில் தாங்கியவர் ஊரில் ஏன் தாங்க முடியாமல் போகிறார் என்பதற்கு அதுவே விடை சொல்கிறது.

இரண்டாம் எடுகோள், ஆறிய காயம் வலிக்காது என்பது. எக்ஸ்ரேயிலும் எம்.ஆர்.ஐ. படத்திலும் ஒன்றும் இல்லை, ஆகவே வலியும் இல்லை என்னும் சொல் மருத்துவமனைகளில் அன்றாடம் கேட்பது. படம் காட்டுவது எலும்பின், தட்டின், தசையின் வடிவத்தை. வலியை அது காட்டுவதில்லை, காட்டவும் முடியாது. இவ்வுண்மையை மருத்துவத்துக்குக் கற்பித்தவர்களே போரில் காயமுற்றவர்கள்தாம். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் நரம்பு சிதைந்த வீரர்களைப் பார்த்த சைலஸ் வெயர் மிட்செல், துளைத்த இடம் ஆறிய பின்னும் கையில் தீப்பற்றியது போன்ற எரிச்சல் நீடிப்பதை விவரித்தார். துண்டிக்கப்பட்ட கால் இன்னும் இருப்பதாகவும் அது வலிப்பதாகவும் தோன்றும் நிலைக்கு மாய உறுப்பு என்று பெயரிட்டு எழுதியவரும் அவரே. இல்லாத கால் வலிக்கும்போது, வலி காயத்தில் இருக்கிறது என்று எவ்வாறு வாதிப்பது? நீண்ட நாள் வலிச்செய்தியைக் கடத்திக் கடத்தித் தண்டுவடமும் மூளையும் சிறு தூண்டலையும் பெரிதாக வாங்கப் பழகிவிடுகின்றன என்பதையே இன்றைய மருத்துவம் மையக் கூருணர்வு என்கிறது. பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 2020-இல் திருத்திய வரையறையும் வலியை உணர்வும் உணர்ச்சியும் கலந்த ஓர் அனுபவமாகக் கொள்கிறது. திசுச் சேதம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் வலி என்று அது நிபந்தனை வைக்கவில்லை. 2022 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராம் நோய் வகைப்பாடு, மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலிக்குத் தனிப் பிரிவே வகுத்துவிட்டது.

இதில் தமிழகத்துக்கு ஒரு தனிப் பங்கும் உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்காவில் நரம்பியல் ஆய்வாளராகப் பெயர்பெற்ற வி. எஸ். ராமச்சந்திரன், 1990-களில், இருக்கும் உறுப்பைக் கண்ணாடியில் காட்டி இழந்த உறுப்பு அசைவதாக மூளையை நம்பவைக்கும் எளிய முறையைக் கண்டார். அமெரிக்காவின் வால்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில் காலிழந்த 22 பேரிடம் இம்முறை சோதிக்கப்பட்டு 2007-இல் முடிவு வெளியானபோது, நான்கு வாரம் கண்ணாடியைப் பார்த்துப் பயின்ற குழுவினர் அனைவருக்கும் வலி குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான், ஆயினும் ஓர் ஆளுயரக் கண்ணாடியின் விலையில் செய்யக்கூடிய சிகிச்சை ஒன்று, அதைச் சொல்லித்தரும் ஒருவர் இல்லாமையால் மட்டுமே ஒருவருக்குக் கிட்டாமல் போகலாம் என்பதை அது உணர்த்துகிறது. 1984 ஏப்ரல் முதல் இந்தியப் படை நிற்கும் சியாச்சினில் பனிக்கடியால் விரல் நரம்புகள் கெட்டவர், 1987 முதல் 1990 வரை இலங்கையில் அமைதி காக்கும் படையில் கண்ணிவெடிக்குக் காலைக் கொடுத்து இன்று அறுபதை ஒட்டியிருப்பவர், 1999-இல் கார்கிலில் குண்டுச்சிதறல் வாங்கியவர் ஆகியோரின் வலி, காயம் ஆறிய பின்னும் நீடிக்கும் இவ்வகையைச் சார்ந்தது. இவர்களிடம் புண் ஆறிவிட்டதே என்று சொல்வது, எரிந்த வீட்டுக்காரரிடம் தீ அணைந்துவிட்டதே என்று ஆறுதல் கூறுவதற்கு ஒப்பாகும்.

மூன்றாம் எடுகோள், முறையீடு ஓய்வூதியத்துக்காக என்பது. இதுவே நான்கிலும் கொடியது. வலியைக் கூட்டிச் சொல்பவர் எவரும் இல்லை என்று வாதிக்கத் தேவையில்லை. எந்த மருத்துவத் துறையிலும் அத்தகையோர் சிலர் உண்டு. ஆனால் விதிகளின் அமைப்பைப் பார்த்தால் வலியைச் சொல்வதால் படைவீரருக்கு ஊதியம் கூடும் என்னும் நினைப்பே ஆட்டம் காண்கிறது. பணியிலிருக்கும் வீரரின் உடற்தகுதியைப் படைத்துறை ஷேப் என்னும் ஐந்தெழுத்து முறையில் அளக்கிறது; மனநிலை, செவி, கைகால், உடற்திறன், கண் என்று ஐந்துக்கும் இடமுண்டு, வலிக்கென்று ஓர் எழுத்து இல்லை. ஊனத்துக்கான ஓய்வூதியம் உறுப்பின் செயலிழப்பை விழுக்காட்டில் கணக்கிட்டு, அது இருபது விழுக்காட்டுக்குக் குறையாமலும், பணியால் விளைந்ததாகவோ பணியால் மோசமடைந்ததாகவோ இருந்தால் மட்டுமே வழங்கப்பட்டுவந்தது. பணியில் சேரும்போது குறிக்கப்படாத நோய் பின்னர் வந்தால் அது பணியால் வந்ததாகவே கருதத் தக்கது என்று தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இல் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. ஐயத்தின் பலனைப் படைவீரருக்கு வழங்குவதற்கே நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது என்பதே நிலைமையை விளக்கும்.

மேலும், பணியிலிருக்கும்போது வலியை வெளியே சொன்னவரின் மருத்துவத் தரம் இறக்கப்படலாம். தரம் இறங்கினால் பதவி உயர்வும் நல்ல பணியிடமும் எட்டாமல் போகலாம். எனவே பணிக்காலத்தில் மறைப்பதற்கே காரணம் மிகுதி. பதினைந்து ஆண்டுகள் மறைத்த வலியை வெளியேறிய பின் சொல்லும்போது, அன்றே ஏன் சொல்லவில்லை, ஏட்டில் பதிவில்லையே என்று கேட்கப்படுகிறது. மறைக்கப் பழக்கிவிட்டு, மறைத்ததையே பொய்க்குச் சான்றாக்கும் முறை இது. இதிலிருந்து விடுபட வழி ஒன்றே: விழுக்காட்டைக் கணிக்கும் மருத்துவக் குழுவும், வலிக்குச் சிகிச்சை தரும் மருத்துவரும் வெவ்வேறானவர்களாக இருத்தல் வேண்டும். தன் முன் அமர்ந்திருப்பவர் தன்னை அளக்கவில்லை, ஆற்றவே வந்திருக்கிறார் என்ற உறுதி கிடைத்தாலொழிய எந்தப் படைவீரரும் தன் வலியை உள்ளபடி சொல்லமாட்டார். கூட்டியும் சொல்லமாட்டார், குறைத்தும் சொல்லமாட்டார் என்னும் நிலை அங்கேதான் பிறக்கும்.

நான்காம் எடுகோள், வலிக்கு மருந்து ஊசியே என்பது. சிற்றூர்க் கிளினிக்கில் டைக்ளோஃபெனாக் ஊசி போட்டுக்கொண்டு அன்றைய வேலைக்குப் போய்விடுவது பள்ளத்தாக்கில் மட்டுமன்றித் தமிழகமெங்கும் உள்ள வழக்கம். சுளுக்குக்கும் திடீர் வீக்கத்துக்கும் அம்மருந்து பயன்படும்; மாதக்கணக்கில் தொடர்ந்தால் இரைப்பையில் புண்ணையும், சிறுநீரகத்துக்குக் கேட்டையும், இரத்த அழுத்த உயர்வையும் தரும்; நரம்பில் எழும் எரிச்சல் வலிக்கோ அது பெரிதும் உதவாது. ஊசியும் போதாத இரவுகளில் கேன்டீன் ரம் வலிமருந்தாகிறது. அது தூக்கத்தைத் தருவது போலத் தந்து அதன் ஆழத்தைக் கெடுக்க, தூக்கம் கெட்ட உடலில் மறுநாள் வலி இன்னும் கூடுகிறது. குடிக்கிறார் என்று வீட்டார் வருந்துவது நோயின் ஒரு முனையைத்தான். மறுமுனை தோளிலோ இடுப்பிலோ இருக்கிறது.

இங்கே எதிர்வாதி ஒருவர், வலி மருத்துவர் வந்தால் அபினையல்லவா எழுதித்தருவார் என்று அஞ்சலாம். அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் 1999-இல் வலியை ஐந்தாம் உயிர்க்குறியாக அறிவித்து, நாடித்துடிப்பைப் போல ஒவ்வொரு முறையும் அதை அளந்தெழுதப் பணித்தன; அதே காலத்தில் அந்நாடெங்கும் அபின்வழி மருந்துகள் தாராளமாக எழுதப்பட்டு, அடிமைத்தனமும் சாவும் பெருகின. பின்னர் அதே படைவீரர் மருத்துவமனைகளில் 240 நோயாளிகளிடம் ஓராண்டு நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வு, நாள்பட்ட முதுகுவலிக்கும் மூட்டுத் தேய்மான வலிக்கும் அபின்வழி மருந்துகள் மற்ற மருந்துகளைவிட மேலானவை அல்ல என்று காட்டியது. இந்தியாவின் பிழை இதற்கு நேர்மாறானது. மருந்துக்கான அபினைச் சட்டப்படி விளைவித்து, காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசு ஆலை நடத்தும் இந்நாட்டில், 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பின் மார்ஃபின் பயன்பாடு சரிந்து 1997-இல் வெறும் 18 கிலோ என்ற அளவுக்கு வந்தது. 2014-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, மார்ஃபின், ஃபென்டனில், மெதடோன், ஆக்சிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் இன்றியமையாப் போதை மருந்துகள் என வகுக்கப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் வைத்துக்கொள்ள வழி எளிதாக்கப்பட்டது. ஆயினும் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் போட்ட கணக்கில் இந்தியாவுக்குக் கிடைத்த வலிநீக்க அபின்மருந்து தேவையில் 4 விழுக்காடே. புற்றுநோயின் இறுதிக்கட்ட வலிக்கு மார்ஃபினை மறுப்பது கொடுமை. இருபதாண்டு முதுகுவலிக்கு அதை முதல் மருந்தாக எழுதுவது மடமை. இரண்டையும் பிரித்தறியப் பயிற்சி பெற்றவர் வேண்டும் என்பதால், அபினைப் பற்றிய அச்சமே வலி மருத்துவருக்கான வாதமாக முடிகிறது.

அத்தகைய மருத்துவர் செய்யும் வேலையில் மருந்துச்சீட்டு ஒரு சிறு பகுதி. எந்த வலி நரம்பினது, எது தசையினது, எது மையக் கூருணர்வினது என்று முதலில் பிரிக்கிறார். நரம்பு வலிக்குக் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் போன்ற மருந்தைத் தருகிறார், மனச்சோர்வுக்கான மாத்திரையைத் தருகிறாரே என்று நோயாளி நினைத்துவிடாதபடி அது வலிநரம்பில் செய்யும் வேலையை விளக்குகிறார். வேண்டிய இடத்தில் படம் பார்த்தபடியே நரம்பைச் சுற்றி மரப்பூசி போடுகிறார், முள்ளெலும்பு மூட்டின் சிறு நரம்பை வானொலி அலைவெப்பத்தால் செயலிழக்கச் செய்கிறார். இயன்முறை மருத்துவரோடும் மனநல மருத்துவரோடும் சேர்ந்து தூக்கத்தையும், கெட்ட கனவையும், குடியையும் கணக்கில் எடுக்கிறார். வலி முற்றும் நீங்குவதை அவர் வாக்களிப்பதில்லை. பந்தலுக்கடியில் அரைமணி நேரம் நிற்க முடிந்தவர் ஒரு மணி நேரம் நிற்பதே அவர் வைக்கும் இலக்கு.

தாங்குதலுக்கும் இங்கே உரிய இடம் உண்டு என்பதை ஒப்புக்கொள்வதில் தயக்கமில்லை. வலிக்கிறது என்று படுத்தே கிடப்பவரின் தசை மெலிந்து வலி கூடும், அசைவதே மருந்து. அதிகாலை எழுந்து உடற்பயிற்சி செய்யப் பழகிய படைவீரர் இதில் மற்றவரைவிட முன்னே நிற்பவர். ஆனால் அவருடைய பழக்கமே அவருக்கு எதிராகவும் திரும்புகிறது: வலி குறைந்த நாளில் முழுத் தோட்டத்தையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு, அடுத்த மூன்று நாள் எழமுடியாமல் கிடப்பதே இவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் முறை. முடிகிறவரை செய் என்னும் கட்டளையை, மணி பார்த்து நிறுத்து என்னும் கட்டளையாக மாற்றிக் கொடுப்பது சிகிச்சையின் பெரும்பகுதி. கட்டளைக்குப் பழகியவருக்கு அது விரைவில் பிடிபடும்.

எஞ்சியிருப்பது, தேனிக்கு இது எதற்கு, மதுரை இருக்கிறதே என்னும் வாதம். கூடலூரிலிருந்து மதுரை நூறு கிலோமீட்டருக்கு மேல். தண்டுவடம் கெட்டவருக்கு அந்தப் பேருந்துப் பயணமே நோயைக் கூட்டும், அதுவும் மாதம் இருமுறை என்றால் சிகிச்சை பாதியில் நிற்கும். 2003-இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் பாலிகிளினிக்கிலிருந்து பெரிய மருத்துவமனைக்குப் பரிந்துரைக்கும் முறையில் அமைந்தது. ஒருமுறை அறுவை செய்து முடிக்கும் நோய்க்கு அது பொருந்தும், ஆண்டுக்கணக்கில் அருகிருந்து பார்க்க வேண்டிய வலிக்குப் பொருந்தாது. மலைக்கு அப்பால் கேரளத்தில், 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கி, மருத்துவர் எம். ஆர். ராஜகோபால் போன்றோரின் உழைப்பில் வளர்ந்து, 2008-இல் மாநிலக் கொள்கையாகவே ஆன வலி, நோய்த்தணிப்புப் பணி, பெருநகர் வேண்டாம், பயிற்சி பெற்ற செவிலியரும் ஊர்த் தொண்டரும் போதும் என்று காட்டிவிட்டது. தமிழகத்திலும் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இயன்முறைச் சிகிச்சையையும் நோய்த்தணிப்பையும் வீட்டு வாசலுக்கே கொண்டுசெல்கிறது. தேனியில் 2004 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மயக்கவியல், எலும்பு முறிவு, மனநலம் என்று வலி மருத்துவத்துக்கு வேண்டிய துறைகள் எந்த மருத்துவக் கல்லூரியிலும் உள்ளவை. அவற்றை வாரத்தில் ஒரு நாள் ஒரே அறையில் உட்கார வைப்பதற்குப் புதுக் கட்டடம் வேண்டியதில்லை.

ஆண்டிபட்டிக்கு அருகே வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டறியப்பட்ட நடுகற்களுள் ஒன்று, ஆநிரைப் பூசலில் இறந்த ஒருவனின் பெயரை ஏறத்தாழ இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளாகத் தாங்கி நிற்கிறது. இறந்தவனுக்குக் கல் நடுவதில் இம்மண்ணுக்குக் குறை வந்ததில்லை. அடிபட்டு உயிரோடு திரும்பியவனுக்குச் செய்ய வேண்டியதைப் பற்றியே இப்போதைய கேள்வி. 2022-இல் அறிவிக்கப்பட்ட அக்னிபாத் திட்டத்தில் சேர்ந்த முதல் அணியினர் நான்காண்டுப் பணி முடித்து 2026 இறுதியை ஒட்டி ஊர் திரும்பத் தொடங்குவர். அவர்களுள் நிலையான பணிக்குத் தேர்வு பெறாதவர்களுக்கு ஓய்வூதியமும் இல்லை, முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமும் இல்லை. இருபத்தைந்து வயதில் கெட்ட முழங்காலோடு வரும் அவர்களுக்குத் திறந்திருக்கும் கதவு மாவட்ட அரசு மருத்துவமனையின் கதவு மட்டுமே.